தொங்கும் நிலையமும் தொடரும் பொறுப்பும்

முன்னோர் விட்டுச்சென்ற பொருளைக் காப்பது எளிய செயல் என்று பலர் எண்ணுகின்றனர். பெட்டியில் பூட்டிவைக்கத்தக்க பொருளாயின் அஃது எளிதே. நாள்தோறும் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய பொருளாயின் என்ன செய்வது? பயன்படுத்தினால் தேயும், தேய்ந்தால் பழுது பார்க்க வேண்டும், பழுது பார்க்கப் பார்க்கப் பழையது குறைந்து புதியது மிகும், ஒருநாள் முற்றிலும் புதியதாகவே ஆகிவிடும். அந்நாளில் நம் கையில் இருப்பது முன்னோர் தந்ததா, நாமே செய்துகொண்டதா? தேயக்கூடாதென்று பூட்டிவைத்தாலோ, எந்நோக்கத்திற்காக அது தரப்பட்டதோ அந்நோக்கம் அழிந்துபோகிறது. காத்தால் பயன் கெடுகிறது. பயன்கொண்டால் பொருள் கெடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே மரபைப் பெற்றவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?

இது தத்துவ வகுப்பறைக்கு மட்டும் உரிய வினா அன்று. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இது வீட்டு வினாவும் ஆகும். எனினும், நமக்கு மிக நெருங்கிய பொருளை வைத்து இதனை ஆராய்ந்தால் உணர்ச்சி குறுக்கிடும். ஆகவே, நமக்கு உறவில்லாத ஓர் ஊரின் எடுத்துக்காட்டை முதலில் காண்போம். ஜெர்மனி நாட்டின் வுப்பர்த்தால் என்னும் பள்ளத்தாக்கு நகரமும், அங்கு ஆற்றின்மேல் தொங்கி ஓடும் இரயிலும், அவ்விரயிலின் பழைய நிலையங்களும் இவ்வினாவை நூறாண்டுக்கும் மேலான எஃகில் எழுதிக் காட்டுகின்றன. நான் அவ்வூருக்குச் சென்றவன் அல்லன். நூல்களாலும் படங்களாலும் அறிந்தவன்.

பள்ளத்தாக்கும் பாதையும்

வுப்பர் என்பது ஆற்றின் பெயர். தால் என்றால் பள்ளத்தாக்கு. மலைகளுக்கு நடுவே வளைந்து செல்லும் அவ்வாற்றின் கரைகளில் பார்மன், எல்பர்ஃபெல்ட் என்னும் இரு நெசவுத்தொழில் நகரங்கள் வளர்ந்தன. பொதுவுடைமைச் சிந்தனையாளர் பிரெடரிக் எங்கெல்ஸ் 1820-ஆம் ஆண்டில் பிறந்த ஊர் பார்மன். சாயப் பட்டறைகளின் கழிவால் ஆற்றுநீர் சிவந்து ஓடியதை அவர் 1839-இல் எழுதிய கடிதங்களிலேயே குறித்துள்ளார். பேயர் என்னும் புகழ்பெற்ற மருந்து நிறுவனமும் 1863-இல் பார்மனில் சாயத்தொழிலாகத் தொடங்கியதே ஆகும்.

தொழில் பெருகவே மக்கள் பெருகினர். பள்ளத்தாக்கு குறுகியது, சாலைகளை அகலப்படுத்த இடமில்லை, மலையடிப் பாறையும் ஆற்று நீரும் சூழ்ந்த நிலத்தில் சுரங்கப்பாதை தோண்டுவதும் அரிது. எஞ்சியிருந்த வெற்றிடம் ஒன்றே. அஃது ஆற்றுக்கு மேலுள்ள வானம். கொலோன் நகரத்துப் பொறியியலாளரும் தொழிலதிபருமான ஓய்கன் லாங்கன் வகுத்திருந்த தொங்கு இரயில் முறையை இப்பள்ளத்தாக்கு ஏற்றுக்கொண்டது. ஆற்றின் இருகரைகளிலும் சாய்வாகக் கால்களை ஊன்றி, அவற்றின்மேல் இரும்பு உத்தரங்களை அமைத்து, உத்தரத்தில் ஒற்றைத் தண்டவாளம் பதித்தனர். சக்கரங்கள் மேலே தண்டவாளத்தில் உருளும். அவற்றிலிருந்து வளைந்திறங்கும் இரும்புக் கைகளில் பெட்டி கீழே தொங்கும். வளைவுகளில் பெட்டி ஊஞ்சல்போல் ஒருபுறம் சாய்ந்து செல்லும். ஓட்டுவது மின்சாரம்.

1898-இல் வேலை தொடங்கிற்று. லாங்கன் தம் கனவு நனவானதைக் காணவில்லை, 1895-லேயே மறைந்துவிட்டார். 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் பேரரசர் இரண்டாம் வில்லியம் தம் மனைவியுடன் இதில் பயணம் செய்தார். 1901 மார்ச் 1-ஆம் நாள் பொதுமக்களுக்காகக் கிளூசெ என்னும் நிலையத்திலிருந்து விலங்குக் காட்சிச்சாலை வரை முதற்பகுதி திறக்கப்பட்டது. 1903 ஜூன் 27-ஆம் நாள் முழுப்பாதையும் நிறைவுற்றது. நீளம் 13.3 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆற்றின்மேல் சுமார் 12 மீட்டர் உயரத்தில் செல்கிறது, எஞ்சியது சாலையின்மேல். நிலையங்கள் 20.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். இப்பாதை கட்டப்பட்டபோது வுப்பர்த்தால் என்றொரு நகரம் இல்லை. பார்மனும் எல்பர்ஃபெல்டும் பிற சிற்றூர்களும் தனித்தனி ஆட்சியில் இருந்தன. 1929-இல்தான் அவை ஒரே நகராட்சியாக இணைக்கப்பட்டன. 1930-இல் வுப்பர்த்தால் என்னும் பெயர் வந்தது. நகரம் இரயிலைக் கட்டியது என்பதைவிட, இரயில் நகரத்தைக் கட்டியது என்பதே பொருந்தும். ஓர் ஊரின் உயிர்நாடி என்று இதனைச் சொன்னால் அது வெறும் அணிநயம் ஆகாது.

ஜெர்மானியர் இதனை ஷ்வேபெபான் என்பர். அச்சொல்லின் முற்பகுதி தொங்குதலைக் குறிப்பதன்று; மிதத்தலைக் குறிப்பது. நாம் தொங்கு இரயில் என்கிறோம். அவர்கள் மிதவை இரயில் என்கின்றனர். பற்றியிருக்கும் பிடியை நம் சொல் காட்டுகிறது. பிடியே தெரியாத இன்பத்தை அவர்கள் சொல் காட்டுகிறது. இரண்டும் உண்மையே. ஆனால் மிதப்பதாகத் தோன்றுவது யாதாயினும், அதனை எவரோ எங்கோ பிடித்துக்கொண்டிருக்கின்றனர் என்பதை நாம் மறத்தல் கூடாது.

காக்கவும் வேண்டும், மாற்றவும் வேண்டும்

1903-இல் திறந்த கிழக்குப் பகுதியில், பார்மன் நகர்ப்புறத்தில், வெர்தர் புரூக்கெ என்னும் நிலையம் உள்ளது. புரூக்கெ என்றால் பாலம். நிலையமே ஆற்றின்மேல் அந்தரத்தில் நிற்பது. தெருவிலிருந்து படியேறிச் சென்றால், இருமருங்கும் நடைமேடை, மேலே கூரை, நடுவே தொங்கி வந்து நிற்கும் வண்டி. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப்பாணி ஒன்றில் இதனை அமைத்தனர். ஜெர்மானியர் அதனை யூகென்ட்ஷ்டீல், அதாவது இளமைப் பாணி, என்று அழைத்தனர். இரும்பு இரும்பாக மட்டும் நில்லாமல் கொடிபோல் வளையவேண்டும், தளிர்போல் நெளியவேண்டும் என்பது அப்பாணியின் வேட்கை. ஆலைக்குச் செல்லும் தொழிலாளி நாள்தோறும் ஏறியிறங்கும் படிக்கட்டும் அழகாக இருத்தல் வேண்டும் என்று ஒருவர் எண்ணியதன் சான்று அந்நிலையம்.

இரண்டாம் உலகப் போரில், 1943-ஆம் ஆண்டு மே, ஜூன் திங்கள்களில் பார்மனும் எல்பர்ஃபெல்டும் குண்டுவீச்சால் எரிந்தன. தொங்கு பாதையும் பல இடங்களில் சிதைந்தது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், முழுப்பாதையிலும் வண்டி மீண்டும் ஓடிற்று. வீடிழந்து நின்ற ஊர் தன் பாதையை அத்துணை விரைவில் எழுப்பிக்கொண்டது.

போரைத் தாங்கிய இரும்பு காலத்தைத் தாங்கவில்லை. பாரமும் அதிர்வும் ஆண்டு பலவாக ஏறிவர, உத்தரங்களும் கால்களும் முதுமையுற்றன. 1995-இல் பாதையைப் புதுப்பிக்கும் பெருவேலை தொடங்கிற்று. அங்கங்கே சிறிது பழுது பார்ப்பது அவ்வேலையின் நோக்கமன்று. பழைய உத்தரங்களையும் கால்களையும் கழற்றிவிட்டு, ஏறத்தாழ முழுப்பாதையிலும் புதிய எஃகை நிறுவுவதே நோக்கம். நிலையங்களிலும் பல இடித்துக் கட்டப்பட்டன. அவ்வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1997-இல், தொங்கு இரயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது!

ஒரு கை காப்பு அணிவிக்க, மறு கை கழற்றி எடுப்பதுபோல் இது தோன்றும். காக்கவேண்டிய சின்னம் என்று பதிவேட்டில் எழுதிய பொருளின் பெரும்பகுதி, பின்வந்த ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அங்ஙனமாயின் காக்கப்பட்டது எது?

பாம்பனில் 1914-இல் அமைந்த இரயில் பாலத்திற்கு இந்த இக்கட்டு நேரவில்லை. அங்குக் கடல் அகன்றது. 2022-இல் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது; அதன் அருகிலேயே புதிய பாலம் எழுந்து 2025-இல் திறக்கப்பட்டது. வுப்பர்த்தாலில் அருகே கட்ட இடமில்லை. பழையது நின்ற இடத்திலேயே புதியது நிற்க வேண்டும். வாழ்க்கையில் பெரும்பாலான மரபுகளின் நிலையும் இத்தகையதே. பழையதை ஒருபுறம் வைத்துவிட்டுப் புதியதை மறுபுறம் கட்டிக்கொள்ளும் வசதி நமக்குக் கிட்டுவதில்லை.

பொருளா, வடிவமா, பயனா?

அறிஞர்கள் இவ்வினாவை வேறு உருவில் முன்பே கேட்டுள்ளனர். தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பேணிவந்ததையும், இற்றுப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை பொருத்திவந்ததையும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். கழற்றிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து வேறொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது உண்மைக் கப்பல் என்று ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் அவ்வாதத்தை மேலும் முறுக்கினார். நம் நாட்டில் மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில், நாகசேனர் என்னும் துறவி கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று வினவுகிறார். உறுப்பு எதுவும் தேர் அன்று. உறுப்புகள் கூடி நிற்கும் நிலைக்கு நாம் இட்ட பெயரே தேர் என்பது அவர் முடிபு.

இவற்றையெல்லாம் தொகுத்தால் மூன்று விடைகள் கிடைக்கின்றன. பொருளே மரபு என்பது முதல் விடை. அதன்படி 1901-இன் இரும்பு போனபின் 1901-இன் இரயிலும் போயிற்று. பேரரசர் பயணம் செய்த பெட்டி மட்டும் உண்மையான எச்சம். அது பேரரசர் பெட்டி என்ற பெயரால் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. இவ்விடையில் நேர்மை உண்டு. ஆயின் இதனை ஏற்றால், பயன்படும் எதையும் எவரும் காக்கவே இயலாது. நம் உடலின் பொருளும் மாறிக்கொண்டே இருப்பதால், இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடனை இன்று நான் தீர்க்கத் தேவையில்லை என்றும் ஒருவன் வாதிடலாம். கடன் கொடுத்தவர் ஒப்புவாரா?

வடிவமே மரபு என்பது இரண்டாம் விடை. ஜப்பான் நாட்டின் இசே திருக்கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுமரத்தால் அதே வடிவில் மீண்டும் கட்டுகின்றனர். அண்மையில் 2013-இல் அவ்வாறு நிகழ்ந்தது. மரம் புதிது, கோயில் பழைது. வுப்பர்த்தாலிலும் புதிய எஃகுக் கால்களைப் பழையவற்றின் தோற்றத்தை ஒட்டியே அமைத்தனர். இவ்விடை முதல் விடையினும் மேலானது. ஆயினும் குறையுடையது. வடிவத்தை மட்டும் காத்து, வண்டியை நிறுத்திவிட்டால் எஞ்சுவது என்ன? எஃகாலான ஒரு பெரிய பொம்மை.

பயனே மரபு என்பது மூன்றாம் விடை. வண்டி ஓடும்வரை, மக்கள் ஏறி இறங்கும்வரை இரயில் வாழ்கிறது; எஃகும் அழகும் அதன் உடைகளே. இதனை எளிதில் மறுக்க முடியாது. ஆனால் இதன் எல்லைக்குச் சென்று பாருங்கள். பயன் ஒன்றே போதுமெனில், பாதையை முற்றும் பிரித்தெடுத்துவிட்டு அதே வழியில் பேருந்துகளை விட்டாலும் மரபு காக்கப்பட்டதாகிவிடும்! எந்த வுப்பர்த்தால்வாசியும் இதற்கு உடன்படான்.

மூன்றும் தனித்தனியே தோற்கின்றன. தோற்பதற்குக் காரணம், மூன்றும் மரபைப் பொருளிடத்தில் தேடுகின்றன; பெறுவோனும் தருவோனுமாகிய மனிதரிடத்தில் தேடவில்லை. மரபு என்பது ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்கும் செயல். ஒப்படைத்தவர் எதற்காகத் தந்தார், பெற்றவர் அதனை அறிந்து பெற்றாரா, அடுத்தவருக்கு உண்மையுடன் தருகிறாரா என்பவையே இங்குக் கேட்கத்தக்கவை. எந்த எஃகை மாற்றலாம், எந்த வளைவை மாற்றக்கூடாது என்பதை இக்கேள்விகளே தீர்மானிக்கும்.

படி பொய்யாகுமா?

இங்கு ஒரு தடை எழும். பழைய நிலையத்தை அகற்றிவிட்டு அதே தோற்றத்தில் மீண்டும் அமைப்பது ஏமாற்று அன்றோ என்பது அத்தடை. பாதுகாப்புத் துறையின் கருத்தை மதித்து, லாண்ட்கெரிக்ட் என்னும் வழக்குமன்ற நிலையத்தையும் ஃபோல்க்லிங்கர் சாலை நிலையத்தையும் வரலாற்றுத் தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பினர். வெர்தர் புரூக்கெயிலும் இளமைப் பாணி இன்றுவரை விளங்குகிறது. அங்கு நிற்கும் குழந்தை, இவையெல்லாம் பாட்டன் காலத்து இரும்பு என்று எண்ணினால் அது பொய்யைக் கற்றதாகாதா?

இதற்கு எதிரிடையான நிலையம் ஒன்றும் அப்பாதையில் உண்டு. 1901-இல் முதல் பயணம் தொடங்கிய கிளூசெ நிலையம் போரில் அழிந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அது மீண்டும் எழவில்லை. 1999-இல்தான் மீண்டும் அமைந்தது. அமைந்தபோது தன் காலத்துத் தோற்றத்திலேயே அமைந்தது. பழையதைப் போல் நடிக்கவில்லை. இடையில் நேர்ந்த வெறுமையை மறைக்காமல் நிற்பதும் ஒருவகை உண்மையே. இருந்ததைத் தொடர்ந்து பேணிய இடத்தில் பழைய வடிவம் பொருந்துகிறது; அழிந்து நெடுங்காலம் ஆன இடத்தில் புதிய வடிவம் பொருந்துகிறது. ஒரே பாதையில் இரண்டும் இருப்பது முரண்பாடு ஆகாது.

படியெடுத்தல் பொய்யாவது எப்பொழுது? படி என்பதை மறைக்கும்பொழுது. இதற்கும் வுப்பர்த்தாலிலேயே ஒரு சான்று உண்டு. 1950 ஜூலை 21-ஆம் நாள், ஒரு சர்க்கஸ் குழுவினர் விளம்பரத்திற்காக டுஃபி என்னும் இளம் யானையைத் தொங்கு வண்டியில் ஏற்றினர். 1946-இல் நம் இந்திய மண்ணில் பிறந்த பெண் யானை அது. நான்கு வயதுக் குட்டி, வண்டியின் ஆட்டத்திலும் கூட்டத்தின் இரைச்சலிலும் மிரண்டு, பெட்டியின் பக்கத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது. நல்வினைப் பயனாகச் சிறு காயத்துடன் தப்பியது. 1989 வரை உயிர்வாழ்ந்தது. அது பாய்ந்ததைக் காட்டும் நிழற்படம் எதுவும் இல்லை. கடைகளில் விற்கும் அஞ்சலட்டைப் படம் ஒட்டிச் சேர்த்தது. ஆயினும் நிகழ்ச்சி உண்மை. ஒட்டுப்படம் என்று சொல்லி விற்றால் அது நினைவுக்குத் துணை. உண்மைப் படம் என்று விற்றால் நினைவுக்குப் பகை. நிலையத்திற்கும் இதுவே அளவுகோல். எது பழைது, எது புதிது என்று கேட்பவனுக்கு ஒளிக்காமல் சொல்லத் தெரிந்த ஊர் எதையும் புதுப்பிக்கலாம்.

அவ்வியானையின் கதையை ஊரார் நகைச்சுவையாகவே போற்றுகின்றனர். காட்டு விலங்கின் குட்டி ஒன்றைக் கடல் கடந்து கொண்டுபோய்த் தொங்கும் பெட்டியில் அடைத்தது எவ்வகை அறம் என்ற கேள்வி சிரிப்பில் அடங்கிப்போகிறது. நினைவைக் காப்போர் இனியதை மட்டும் காத்து இன்னாததை நழுவவிடுவது உலக இயல்பு. இவ்வியல்பு எத்துணைக் கேடானது என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டும்.

மறந்துவிட்ட கவ்வி

ஏறத்தாழ 98 ஆண்டுகள் அப்பாதையில் பயணி எவரும் விபத்தில் உயிரிழந்ததில்லை. உலகின் மிகப் பாதுகாப்பான இரயில்களில் ஒன்று என்ற பெருமை அதற்கு இருந்தது. 1999 ஏப்ரல் 12-ஆம் நாள் விடியற்காலையில் அப்பெருமை ஆற்றில் வீழ்ந்தது. ராபர்ட் டாம் சதுக்கத்திற்கு அருகே வண்டி ஒன்று பாதையிலிருந்து கழன்று வுப்பர் ஆற்றில் விழ, 5 பேர் மாண்டனர்; 47 பேர் காயமுற்றனர்.

காரணம் யாது? முதுமையுற்ற இரும்பு முறிந்ததா? இல்லை. புதுப்பிக்கும் வேலைக்காகத் தண்டவாளத்தில் தற்காலிகமாகப் பொருத்திய எஃகுக் கவ்வி ஒன்று, வார இறுதி வேலை முடிந்தபின் கழற்றப்படாமல் விடப்பட்டிருந்தது. வந்த வண்டி அதில் மோதிற்று. நூறாண்டு நின்ற பழமை எவரையும் கொல்லவில்லை. பழமையைக் காக்கச் செய்த வேலையே ஐவரைக் கொன்றது.

வேலையைப் பலர் பங்கிட்டுக்கொண்டு செய்யும்போது, தன் பங்கு முடிந்தவன் மற்றவன் பங்கும் முடிந்திருக்கும் என்று நம்பலாமா? இறுதியில் நடந்து சென்று பார்க்கவேண்டிய கடமை யாருடையது? இவ்வினா 2002-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் தன் எல்லைக்குள் விடை கூறும். அறத்தின் எல்லை அதனினும் அகன்றது.

மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் கழிக்கும் என் போன்றோர்க்கு இவ்வினா புதிதன்று. ஒரு கோப்பு பல மேசைகளைக் கடந்து செல்கிறது. முன் மேசைக்காரர் பார்த்திருப்பார் என்று இவர் கையெழுத்திடுகிறார். பின் மேசைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று அவர் கையெழுத்திட்டிருக்கிறார். ஏழு கையெழுத்துகள் இருக்கின்றன. பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. கோப்பில் இது நேர்ந்தால் ஒருவரின் ஓய்வூதியம் ஆறு திங்கள் தாழ்கிறது. பாதையில் நேர்ந்தால் ஐந்து குடும்பங்களில் விளக்கு அணைகிறது. பிழையின் உருவம் ஒன்றே.

மாற்றல் உத்தரவு வந்தால் அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதுகிறோம். இத்தனை பதிவேடுகள், இத்தனை சாவிகள், நிலுவையில் உள்ளவை இவை என்று எழுதி இருவரும் கையொப்பமிடுகிறோம். அப்பட்டியலின் உயிர் ‘நிலுவையில் உள்ளவை’ என்னும் பகுதியில்தான் உள்ளது. சாவியைத் தருபவன் பொருளைத் தருகிறான். நிலுவையைச் சொல்பவனே பொறுப்பைத் தருகிறான். அன்றிரவு அந்தப் பாதையில் ஒப்படைக்கப்படாமல் போனது ஒரு நிலுவை. இன்னும் ஒரு கவ்வி இருக்கிறது என்னும் ஒரு சொல்.

நாம் கைமாற்றுவது

நம் கோயில்களில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் என்னும் சடங்கு நிகழ்வதை அறிவீர்கள். மூலவரின் ஆற்றலைக் குடநீரிலும் சிறிய உருவிலோ படத்திலோ ஏற்றி, தற்காலிகமான ஓர் இடத்தில் வைத்து வழிபடுகின்றனர். கல்லும் சுதையும் மாறும்வரை பூசை அங்கு நடக்கிறது. திருப்பணி முடிந்ததும் குடமுழுக்கு. ஆற்றல் மீண்டும் மூலவரிடம் சேர்கிறது. இதனைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யவேண்டும் என்பது மரபு. தெய்வ நம்பிக்கை உடையோர் இதனை ஒருவாறு கொள்வர். இல்லாதோர் வேறுவாறு கொள்வர். இதில் பொதிந்த அறிவு இருவர்க்கும் பொது. கட்டடம் தேயும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது, காலக்கெடு விதிக்கிறது, மாற்றும் வேளையில் எது அணையக்கூடாதோ அதனைத் தனியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறது. பகலில் வண்டி ஓட, இரவிலும் வார இறுதியிலும் உத்தரத்தை மாற்றிய வுப்பர்த்தால்காரரும் இயன்றவரை இதனையே செய்தனர். கவ்வியைக் கழற்றியாயிற்றா என்று பார்க்கும் கண் மட்டுமே அன்று இல்லாமற்போயிற்று.

இனி நம் வீட்டிற்கு வருவோம். வடபுலத்து நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கையில் உள்ள மரபும் தொங்கும் நிலையம் போன்றதே. தரையில் வேரூன்ற இடமில்லை. இருகரைகளிலும் கால்களைச் சாய்த்து ஊன்றி அந்தரத்தில் நிற்கிறது. ஒரு கால் இங்குள்ள பள்ளியிலும் தெருவிலும், மறு கால் பிறந்த ஊரிலும் உள்ளது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். இடையிடையே இந்தியும் ஆங்கிலமும் கலக்கின்றன. பெரியோர் சிலர், பழைய தமிழ் போயிற்று, இனி என்ன என்று கைவிடுகின்றனர். அவர்கள் பொருளே மரபு என்போர். சிலர் பொங்கலன்று பட்டு உடுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டால் போதும் என்கின்றனர். அவர்கள் வடிவமே மரபு என்போர். வேறு சிலர், பிழைப்புக்கு உதவும் மொழி எதுவோ அதுவே போதும் என்கின்றனர். அவர்கள் பயனே மரபு என்போர். மூவரிடமும் ஓரளவு உண்மை உண்டு. மூவரும் கேட்காத கேள்வியும் ஒன்று உண்டு. நிலுவையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னோமா?

பாட்டி எந்த ஊர், ஏன் அவ்வூரை விட்டோம், எந்த வழக்கத்தை விரும்பி விட்டோம், எதனை வேறு வழியின்றி விட்டோம், எது வீட்டில் அநீதியாக இருந்தது, எது இன்னும் தீராத கடனாக இருக்கிறது என்பனவெல்லாம் ஒப்படைப்புப் பட்டியலில் வரவேண்டியவை. இனியதை மட்டும் சொல்லி வளர்த்தால் அது யானைக் கதையாகிவிடும். முன்னோரிடம் இருந்த சாதிச் செருக்கையும் பெண்ணைத் தாழ்த்திய வழக்கத்தையும் சேர்த்தே சொல்லி, இந்த உத்தரம் இற்றுப்போனது, ஆகவே மாற்றினோம் என்று காரணமும் சொல்லவேண்டும். காரணம் அறிந்து மாற்றுபவன் வாரிசு. அறியாமல் மாற்றுபவன் குடியிருப்பவன். அறிந்தும் மாற்றாதவன் வெறும் காவற்காரன்.

மாற்றிவிட்டோம், இனி அச்சமில்லை என்று இருத்தலும் ஆகாது. 2018 நவம்பர் 18-ஆம் நாள் அத்தொங்கு பாதையில் மின்சாரம் செலுத்தும் தண்டு ஏறத்தாழ 350 மீட்டர் நீளத்திற்குக் கழன்று வீழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் வண்டிகளை நிறுத்தினர். 2019 ஆகஸ்டு 1-ஆம் நாள்வரை, எட்டுத் திங்களுக்கும் மேலாக, வண்டி ஓடவில்லை. நாள்தோறும் பல்லாயிரவர் ஏறும் இரயில். நிறுத்தியதால் ஊருக்கு உண்டான தொல்லை பெரிது. இருந்தும் ஐயம் தீரும்வரை பொறுத்தனர். புதியதும் கழன்று விழும் என்பது ஒரு பாடம். கழன்றால் நின்று பார்ப்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை என்பது அதனினும் பெரிய பாடம்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இதுவெனத் துணியலாம். முன்னோர் தந்ததை மாற்றும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமை, எதற்காகத் தந்தனர் என்பதை அறிந்தவர்க்கே உண்டு. மாற்றியபின்னும் அது அவர்கள் தந்ததே; மாற்றியதை ஒளிக்காமல் அடுத்தவர்க்குச் சொல்லும்வரையில் மட்டுமே அவ்வாறு ஆகும். இவ்விரண்டிற்கும் மேலாக, மாற்றும் வேளையில் நம்பி ஏறுவோரின் உயிரும் வாழ்வும் நம் கையில் உள்ளன. அழகிய நிலையத்தைக் காட்டிலும் அதில் நிற்கும் குழந்தை பெரிது.

வெர்தர் புரூக்கெயின் படிகளில் இன்று ஏறும் ஒருவர், கூரையின் வளைவை வியக்காமலும் போகலாம். எஃகு பழைதா புதிதா என்று எண்ணாமலும் போகலாம். வண்டி வரும், ஏறலாம், சேரவேண்டிய இடத்தில் இறங்கலாம் என்று நம்பி நிற்கிறார். கட்டியவர், காத்தவர், மாற்றியவர் அனைவரும் அந்த நம்பிக்கைக்கே கடன்பட்டவர்கள். நம் பிள்ளைகளும் அவ்வாறே நம்மை நம்பி நிற்கின்றனர். அவர்களை ஏற்றும்முன், பாதையில் மறந்த கவ்வி ஏதேனும் உண்டா என்று நாமே ஒருமுறை நடந்து சென்று பார்ப்போமாக.